இரண்டாம் அளவு

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. வகுப்பில் அவளைவிட உயரமாக இருந்தது கரும்பலகை ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்துப் பியூன் சொல்வார். அதனால் அவளுக்குக் கொக்கு என்று பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். கோபம் வந்தால் மட்டும் முழுப்பெயர் வெளியே வரும். அவளுடைய தோழிக்குக் கடுகு என்று பெயர். கடுகு அவளைவிட அரை முழம் குட்டை. வாய் மட்டும் ஒரு முழம் நீளம். ஒருத்திக்குக் கடைசி பெஞ்சு, ஒருத்திக்கு முதல் பெஞ்சு. அவர்கள் ஒன்று சேர்ந்தது வகுப்பறைக்கு வெளியே, மழைமானிக்குப் பக்கத்தில்.

எங்கள் வானிலை அலுவலகம் அந்த வருடம் முப்பத்துநான்கு பள்ளிகளுக்கு மழைமானி கொடுத்திருந்தது. மாதா மாதம் பள்ளிகளிலிருந்து வரும் தாள்களைச் சரிபார்த்து ஏட்டில் ஏற்றுவது என் வேலை. கொக்கைப் பற்றி இங்கே நான் எழுதுவதில் பாதி அந்தத் தாள்களிலேயே இருந்தது. மீதியைப் பியூனும், வகுப்பு டீச்சரும், அவள் அம்மாவும், கொஞ்சம் அவளும் சொன்னார்கள்.

மழைமானி பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஒரு புனல், அதற்குக் கீழே ஒரு பாட்டில், சுற்றிலும் ஒரு தகர உறை. விளையாட்டுத் திடலின் மூலையில் கம்பிவேலி போட்டு அதை நட்டிருந்தார்கள். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, பக்கத்துக் குழாயடியில் இருக்கும் குட்டைச் சுவரின் மேல் வைத்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் சொல்லாமல் முதல் அளவு, இரண்டாம் அளவு என்று தனித்தனிக் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் தங்கள் முதலெழுத்தைப் போட வேண்டும். இரண்டின் சராசரியை நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

முதல் அளவு கொக்கு. இரண்டாம் அளவு கடுகு.

அந்தச் சுவரின் உயரத்தைச் சொன்னது நாங்கள்தான், அதில் பிழையும் எங்களுடையதுதான். நடுத்தர உயரமுள்ள பிள்ளையை மனத்தில் வைத்துச் சொன்னோம். கொக்கு மேலேயிருந்து குனியாமல் பார்ப்பாள், அவளுக்கு எப்போதும் அரை மில்லிமீட்டர் கூடத் தெரியும். கடுகு கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பாள், அவளுக்கு அரை மில்லிமீட்டர் குறையத் தெரியும். கண்ணுக்கு நேராகத்தான் பார்க்கிறோம் என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். சராசரி மட்டும் பக்கத்து ஊர்க் கணக்கோடு சொல்லிவைத்தாற்போல் ஒத்துப்போகும். பிப்ரவரியிலேயே எனக்கு இது புரிந்துவிட்டது. சரியாக வருவதை எதற்குக் கலைப்பது என்று விட்டுவிட்டேன்.

அவர்களுக்கு மட்டும் அது தினசரிச் சண்டை. இரண்டு பேரும் எழுதி முடித்துத் தாளைத் திருப்பிப் பார்ப்பார்கள். உடனே ஆரம்பிக்கும்.

"நீ வானத்துக்குப் பக்கத்துல இருக்கே இல்ல, அதான் உனக்கு மழை ஜாஸ்தியா தெரியுது."

"நீ தரையோட தரையா இருக்கே. எங்களுக்குப் பெஞ்சது போக மிச்சம்தான் உனக்கு வரும்."

குழாயடித் தூணில் குவளை மாட்ட ஒரு ஆணி அடித்திருந்தது. கடுகின் கண் சரியாக அந்த ஆணி உயரத்துக்கு வரும். சண்டையில் வேகமாகத் திரும்பாதே, கண்ணில் குத்திக்கொள்ளப் போகிறாய் என்று பியூன் தினமும் கத்துவார்.

ஜனவரி முதல் தேதியிலிருந்து டிசம்பர் கடைசித் தேதி வரை இரண்டு அளவையும் ஒரு வாரத்துக்கு மேல் விடுபடாமல் கொடுக்கும் பள்ளியின் கணக்கு, அலுவலகத்தின் ஆண்டுத் தொகுப்பில் ஏறும். பரிசு, மெடல் எதுவும் கிடையாது. பள்ளியின் பெயருக்குக் கீழே பார்த்தவர்கள் பெயர் இரண்டும் அச்சில் வரும், அவ்வளவுதான். இருவரும் அதைச் சாதித்துக் காட்டுவதென்று கிளம்பியிருந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில்கூட எட்டரைக்கு வந்து, பள்ளியின் பின்னறையிலேயே குடியிருந்த பியூனை எழுப்பிச் சாவி வாங்குவார்கள். மார்ச் பதின்மூன்று வரை எழுபத்திரண்டு நாள், ஒன்றுகூடத் தவறவில்லை.

பதினான்காம் தேதி கடுகுக்குக் காய்ச்சல். பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினேழாம் தேதி விடியற்காலையில் இறந்துபோனாள். நான்கே நாள். இன்ன காய்ச்சல் என்று டாக்டர்கள் சொன்ன பெயரை அவள் அம்மாவுக்குக் கடைசிவரை சரியாகச் சொல்ல வரவில்லை.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்று நாளும் கொக்கு மழைமானிப் பக்கம் போகவில்லை. போக விடவில்லை என்பதுதான் சரி. பதினெட்டாம் தேதி நல்ல மழை. இருபதாம் தேதி காலை அவள் வந்து பார்த்தபோது பாட்டில் காலியாக இருந்தது. பாவம், இந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை வேறு எதற்கு என்று பியூன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டார். ஊற்றியதோடு நிறுத்தவில்லை. பாட்டிலைக் கழுவித் துடைத்தும் வைத்திருந்தார்.

"எவ்வளவு இருந்துச்சு மாமா?"

"கொஞ்சம் இருந்துச்சும்மா."

"கொஞ்சம்னா?"

"ஒரு முக்கால் டம்ளர் இருக்கும். விடும்மா, போனது போச்சு."

அவள் விடவில்லை. எந்த டம்ளர் என்று கேட்டாள். அவர் தன் அறையிலிருந்து டம்ளரைக் கொண்டுவந்தார். முக்கால் என்றால் எது வரை என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். அவர் ஓர் இடத்தைக் காட்டினார், பிறகு சந்தேகப்பட்டு விரலைக் கொஞ்சம் இறக்கினார், அவள் முறைத்ததும் மறுபடி ஏற்றினார். அந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தாள். தாளில் பதினெட்டாம் தேதிக்கு நேராக 7.5 என்று எழுதி, குறிப்புக் கட்டத்தில் 'உத்தேசம். பியூன் ஊற்றிவிட்டார்' என்று எழுதினாள். ஐம்பத்தெட்டு வயது மனிதர், அதைப் படித்துவிட்டுப் போய்ப் பின்னறையில் உட்கார்ந்துகொண்டார். நல்லது நினைத்துச் செய்தது இப்படி ஆயிற்றே என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

அந்த மாதம் எல்லாரும் அவளுக்கு நல்லதுதான் நினைத்தார்கள். வகுப்பு டீச்சர் ஒரு பெரிய அட்டையில் கடுகின் புகைப்படத்தை ஒட்டி, அவளைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னார். பிள்ளைகள் அன்பு, சிரிப்பு, தேவதை என்றெல்லாம் எழுதினார்கள். கொக்கு 'அடம்' என்று எழுதினாள். மறுநாள் பார்த்தால் அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி 'அன்பு' என்று எழுதியிருந்தது. ஏற்கெனவே நான்கு அன்பு இருந்தன, இது ஐந்தாவது. டீச்சரிடம் போய்க் கேட்டதற்கு, போனவர்களைப் பற்றி அப்படியெல்லாம் எழுதக்கூடாது கண்ணு என்றார். அவள் அடம்பிடித்தவள்தானே, உங்களிடமும் பிடித்தாளே என்று இவள் கேட்டாள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சரை அழவைத்துவிட்டாள் என்று வகுப்பு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

பிறகு ஆலோசனை சொல்ல ஓர் அம்மையார் வந்தார். தனி அறை, கலர் பென்சில், மிருதுவான குரல். ஒன்றிலிருந்து பத்துக்குள் உனக்கு இப்போது எவ்வளவு வருத்தம் இருக்கிறது, சொல் பார்க்கலாம் என்றார்.

"எதை வச்சு அளக்கறது?" என்று கொக்கு கேட்டாள்.

மனசை வைத்துத்தான் என்றார் அவர். ஒன்று என்றால் எவ்வளவு, பத்து என்றால் எவ்வளவு என்று சொன்னால்தானே நடுவில் சொல்ல முடியும் என்றாள் இவள். உனக்குத் தோன்றுவதைச் சொன்னால் போதும் என்றார். தோன்றுவதைச் சொன்னால் அது எப்படி அளவாகும் என்று இவள் கேட்டாள். இருபது நிமிடம் இப்படியே போயிற்று. அந்த அம்மையார் தன் நோட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியதை இவள் தலைகீழாகப் படித்துவிட்டாள்.

வீட்டிலும் இதே கதைதான். அப்பா லாரியோடு வெளியூரில். அம்மா துணி ஆலையில் பட்டன் வைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள், மாலை ஆறரைக்கு வந்தால் கண் எரிகிறது என்று ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பாள். படுத்தபடியே, கடுகு வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாடி, அவள் அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்பாள். கொக்கு போகமாட்டாள். ஒரு முறை போனதற்கே அந்த அத்தை கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை; பிடித்த கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. கை மரத்துப்போனது. எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் முதல் வாரம் மார்ச் மாதத் தாள் என் மேசைக்கு வந்தது. கூடவே டீச்சரின் கடிதமும் இருந்தது. மாணவி இறந்துபோன செய்தியையும் தேதியையும் எழுதியிருந்தார். தாளில் பதினான்கு, பதினைந்து, பதினாறு தேதிகளுக்கு இரண்டாம் அளவு காலி. இருபதாம் தேதி முதல் இரண்டாம் அளவு மறுபடி நிறைந்திருந்தது. பக்கத்தில் கடுகின் முதலெழுத்து. முதலெழுத்து ஒத்த வேறு பிள்ளையைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏப்ரல் தாளும் மே தாளும் அப்படியே வந்தன. முதல் அளவோடு வித்தியாசமும் அதே ஒரு மில்லிமீட்டர்தான், எப்போதும் குறைய. புதுப் பிள்ளைக்கும் அதே கண்ணா என்று டீச்சருக்குப் போன் செய்தேன். புதுப் பிள்ளை யாரும் இல்லை, கொக்கு ஒருத்திதான் பார்க்கிறாள் என்றார்.

ஜூன் பன்னிரண்டு காலை எட்டேகாலுக்கு நான் பள்ளிக்குப் போனேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. கொக்கு வேலியைத் திறந்து பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னேன். தாளைக் காட்டி இரண்டாம் அளவு யாருடையது என்று கேட்டேன்.

"அவளோடது."

"அவ இல்லையேம்மா."

"அளவு இருக்கே."

"நீயா குறைச்சுப் போட்டியா?"

அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிச் சுவரில் வைத்தாள். நின்றபடி பார்த்தாள். 8.8 என்று எழுதினாள். பிறகு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் கண் அந்த ஆணிக்கு நேராக வரும்வரை முழங்காலை மடக்கினாள். அப்படியே பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து கண்ணாடிக்கு எதிரே வந்தாள். முழங்கால் நடுங்கியது. அண்ணாந்து பார்த்தாள். 7.8 என்று எழுதி, கடுகின் முதலெழுத்தைப் போட்டாள். நிமிரும்போது தொடையைத் தேய்த்துக்கொண்டாள்.

நானும் கண்ணாடிக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். 8.3.

பொய்க்கணக்கு என்று சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். இது பொய் இல்லை. பார்க்காமல் எழுதிய ஓர் எண்கூட அதில் இல்லை. கடுகுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாள் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டேன்.

"அப்ப அவ வந்துடுவான்னு இருந்துச்சு. அவ கட்டத்துல நான் கை வெச்சா கத்துவா. அதான் விட்டுட்டேன்" என்றாள். "இப்ப வரமாட்டா. நான்தானே பார்க்கணும்?"

இரண்டாம் அளவை வேறோர் ஆள் பார்க்க வேண்டும் என்பது விதி என்றேன். உயிரோடு இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த விதியைப் படித்தேன். 'இரு அளவுகளும் தனித்தனியாகப் பார்க்கப்பட வேண்டும்' என்றுதான் இருந்தது. தனித்தனியாகத்தான் பார்க்கிறேன் என்றாள். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

என் குறிப்பு மேலதிகாரியின் மேசையில் இருபத்தேழு நாள் கிடந்தது. பிறகு நாலு வரியில் உத்தரவு வந்தது. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் வேறொரு மாணவரை நியமிக்க வேண்டும்; இறந்த மாணவி பெயரில் அதன்பிறகும் அளவு வந்தால் அந்தப் பள்ளியின் கணக்கு ஆண்டுத் தொகுப்பில் சேராது. அதை டீச்சருக்கு அனுப்பியவன் நான்தான்.

டீச்சர் ஒரு பையனை நியமித்தார். நிறுத்தாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். முதல் நாள் அவன் வந்தபோது கொக்கு வேலிக்கு உள்ளே நின்று பூட்டிக்கொண்டாள். அவன் வெளியே நின்று கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு, நேற்று பார்த்த கிரிக்கெட்டையும் தன் அண்ணன் பைக்கையும் பற்றி ஐந்து நிமிடம் சொன்னான். இரண்டாம் நாள் சாவியைப் பியூன் அவனிடம் கொடுத்துவிட்டார். அவன் கண்ணாடியைப் பார்த்து, "ஒரு நாலு இருக்கும்" என்றான்.

"நாலுன்னா? நாலு புள்ளி என்ன?"

"புள்ளியெல்லாம் எதுக்கு? நாலுக்குப் பக்கத்துல. நீ ஒண்ணு போட்டுக்கோ."

"நான் எதுக்குடா போடணும்? உனக்குக் கண்ணு இல்லையா?"

"செத்தவளுக்கு நீ போடறே, எனக்குப் போடமாட்டியா?"

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொல்கிற பையன். அவள் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள். அவன் அழுதுகொண்டே போய் டீச்சரிடம் சொன்னான். அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மா அரைநாள் லீவு போட்டு வந்து, எல்லார் முன்னாலும் முழுப்பெயர் சொல்லித் திட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில், "உனக்கு என்னதான்டி வேணும்? வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்" என்றாள். டிசம்பர் வரைக்கும் இரண்டு கட்டமும் வேண்டும் என்றாள் இவள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவ்வளவுதானா என்றுதான் நினைத்தாளாம்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பள்ளியில் வருடாந்திரப் பரிசோதனை. நர்ஸ் ஒருவர் வந்து பிள்ளைகளைச் சுவரில் சாய்த்து உயரம் பார்த்து, எடை பார்த்து, பழைய பதிவேட்டில் போன வருட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கொக்கின் முறை வந்தது. போன வருடம் 143.5. இப்போது 151.

"ஏழரை சென்டி. என்ன சாப்பிடறே? எங்க பையனுக்கும் சொல்லு" என்றார் நர்ஸ்.

பதிவேட்டில் அவளுக்கு மேல்வரியில் கடுகின் பெயர் இருந்தது. மூன்று வருட எண்கள்: 112.5, 116, 121.5. நான்காவது கட்டத்தில் எதுவும் இல்லை. கொக்கு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சில வாரமாகக் கவனித்துக்கொண்டிருந்த ஒன்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆணிக்கு நேராக வர, முன்பைவிட அதிகமாக முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. கால் வலிப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்திருந்தாள். இவள் வளர்ந்திருந்தாள். ஆணி வளரவில்லை.

"இவ இப்ப எவ்வளவு இருந்திருப்பா?" என்று நர்ஸைக் கேட்டாள்.

நர்ஸுக்கு விவரம் தெரியாது. பெயரைப் பார்த்து, இந்தப் பிள்ளை லீவா என்றார். பின்னால் நின்ற ஒருத்தி சொன்னதும் சட்டென்று குரலை இறக்கி, ஒரு நாலு, அஞ்சு சென்டி வளர்ந்திருப்பாம்மா என்றார்.

"நாலா, அஞ்சா?"

"அதை எப்படிச் சொல்றது? ஒரு வருஷம் மூணரை வளர்ந்திருக்கா, ஒரு வருஷம் அஞ்சரை வளர்ந்திருக்கா. அடுத்த வருஷம் யாருக்குத் தெரியும்? தள்ளிக்கோம்மா, கியூ நிக்குது."

அன்று மாலை கொக்கு யாரும் சொல்லாமலே கடுகின் வீட்டுக்குப் போனாள். நாலரை மாதத்துக்குப் பிறகு. கதவைத் திறந்த கடுகின் அம்மா போன முறை போலவே கையைப் பிடிக்க வந்தாள். இவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அத்தை, அவ இந்நேரம் எவ்வளவு வளர்ந்திருப்பா?"

அந்த அம்மாள் கையைக் கீழே விட்டாள். உள்ளே போய் ஒரு யூனிஃபார்ம் பாவாடையை எடுத்து வந்தாள். புதுப் பள்ளிவருடத்துக்கென்று முன்கூட்டியே தைத்தது, ஒரு நாள்கூட உடுத்தாதது. அடியில் மூன்று விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைத்திருந்தது, வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்ள.

"ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்னு மடிச்சேன். எப்ப பிரிப்பேன்னு எனக்கு என்ன தெரியும்? அவங்கப்பா பதினாலு வயசு வரைக்கும் நண்டு மாதிரிதான் இருந்தாராம். அப்புறம் ஒரே வருஷத்துல வாசப்படி இடிக்கற அளவுக்கு வளர்ந்துட்டாராம். இவ அவர் மாதிரியோ, என்னை மாதிரியோ."

"உத்தேசமா சொல்லுங்க அத்தை."

"தெரியலையேடி."

இருவரும் அந்தப் பாவாடையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாள் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். கொக்கு தன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மடிப்பை அளந்தாள். ஐந்து புள்ளி இரண்டு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதை எதோடு கூட்டினாலும் கடுகின் கண் எங்கே இருந்திருக்கும் என்று வரவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். அழுகை என்று சொல்ல முடியாது, கோபத்தில் மூச்சு வாங்கினாள், ஸ்கேலால் தரையை அடித்தாள் என்றுதான் அந்த அம்மாள் சொன்னாள். இந்த முறை அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. ஸ்கேல் உடைந்ததும் அம்மாள் கூட்டிப் பெருக்கினாள்.

மறுநாள், ஆகஸ்ட் ஆறு, காலையில் மழை. கொக்கு நின்றபடி பார்த்து முதல் அளவு எழுதினாள்: 11.6. பிறகு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முழங்காலை மடக்கினாள், பாதியில் நிறுத்தினாள், கொஞ்சம் நிமிர்ந்தாள், மறுபடி மடக்கினாள். பியூன் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் இப்படி ஏறி இறங்கினாள் என்றார். பிறகு கண்ணாடித் தண்ணீரைக் கொட்டிவிட்டாள்.

இரண்டாம் அளவில் ஒரு கோடு போட்டாள். குறிப்பில், 'இன்று முதல் இரண்டாம் அளவு இல்லை. காரணம்: உயரம் தெரியவில்லை' என்று எழுதினாள்.

மாதக் கடைசியில் கையெழுத்துக்காகத் தாள் டீச்சரிடம் போனது. இது என்ன காரணம், ஆபீசில் சிரிப்பார்கள், 'பார்க்க ஆள் இல்லை' என்று மாற்று என்றார் டீச்சர். வெள்ளைத் தாளும் பசையும் மேசையில் தயாராக இருந்தன.

"ஆள் இல்லாதது மார்ச்சுலேருந்து டீச்சர். அப்பல்லாம் அளவு வந்துச்சு இல்ல? இப்ப தெரியாதது உயரம்தான்" என்றாள் கொக்கு. "இதையும் ஒட்டி மறைச்சிடாதீங்க."

டீச்சர் பசையை மூடி ஓரமாக வைத்தார். கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் முதல் தேதி ரேடியோ மறுபடி வந்து வேலிக்கு வெளியே நின்றான். அவன் அம்மா சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்த மன்னிப்பை ஒரே மூச்சில் ஒப்பித்தான். நான் தண்ணி ஊத்தினதுக்கு நீ எதுக்குடா மன்னிப்பு கேட்கறே என்று எரிந்து விழுந்துவிட்டு, அவள் கதவைத் திறந்தாள். அவன் பார்த்தான். இம்முறை புள்ளியோடு சொன்னான். இரண்டாம் கட்டத்தில் எழுதப்போன அவன் கையைத் தட்டிவிட்டாள். தாளின் ஓரத்தில், அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே, மேலிருந்து கீழ்வரை புதிதாக ஒரு கோடு இழுத்து, தலையில் 'மூன்றாம் அளவு' என்று எழுதி, அங்கே எழுதச் சொன்னாள்.

செப்டம்பர் தாள் அப்படித்தான் வந்தது. முதல் அளவு முப்பது எண்கள். இரண்டாம் அளவு முப்பது கோடுகள். மூன்றாம் அளவு முப்பது எண்கள். எங்கள் ஏட்டில் மூன்றாவது கட்டம் கிடையாது. காலியாக உள்ள இரண்டாம் கட்டத்திலேயே புதிய மாணவரின் அளவுகளை எழுதி அனுப்பவும் என்று குறிப்பு வைத்துத் திருப்பி அனுப்பினேன். ஒரு வாரத்தில் தாள் மாற்றம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது. என் குறிப்புக்குக் கீழே, பென்சிலில், அழுத்தி எழுதியிருந்தாள்:

'இரண்டாம் கட்டம் காலியாக இல்லை. கோடு போட்டிருக்கிறது.'